பெர்லின் மியூசியம் தீவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் கவனத்துக்கு

பெர்லின் மியூசியம் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது டிக்கெட் போடும்போதுதான். அங்குள்ள புகழ்பெற்ற அருங்காட்சியகமான 'பெர்கமோன்' என்று தேடினால் விளம்பரமாக மேலே வரும் இடைத்தரகர் தளங்கள் சிலவற்றில், பண்டைய பாபிலோன் நகரின் நீல ஓடு பதித்த இஷ்தார் வாயிலின் படம் பெரிதாக இருக்கும். பணம் கட்டிப் போனால் அந்த வாயிலைப் பார்க்கவே முடியாது. பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் புதுப்பிப்புக்காக முழுவதுமாக மூடப்பட்டது. அங்கிருக்கும் புகழ்பெற்ற பெர்கமோன் பலிபீடம் உள்ள பகுதி 2027இல் திறக்கும், இஷ்தார் வாயில் இருக்கும் தெற்குப் பகுதிக்கு 2037 வரை ஆகும் என்பதுதான் அறிவிப்பு.

அப்படியானால் விற்றது எதற்கான டிக்கெட்? பனோரமாவுக்கு. அருங்காட்சியகத்தை ஒட்டிய கால்வாயின் எதிர்க்கரையில் 2018இல் திறந்த தனிக் கட்டடம் அது. கி.பி. 129இல் பண்டைய கிரேக்க நகரமான பெர்கமோன் இருந்த விதத்தைச் சுற்றிலும் வட்டமாக நிற்கும் பிரம்மாண்டமான படமாகக் காட்டுகிறார்கள். அசல் சிற்பங்கள் சிலவும் உண்டு. நிச்சயம் பார்க்கலாம். ஆனால் 'பனோரமா' என்ற சொல்லைப் பொடி எழுத்தில் ஒளித்து, இஷ்தார் படத்தைக் காட்டி விற்பது அப்பட்டமான மோசடி.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் வயிற்றெரிச்சல். தீவிலுள்ள அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். அதைச் சொல்லாமல் 'சிறுவர் கட்டணம்' வாங்கும் தளம் கண்ணில் பட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். எஸ்எம்பி டாட் மியூசியம் (smb.museum) என்பதே அதிகாரப்பூர்வத் தளம். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். எது திறந்திருக்கிறது என்று அங்கே பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

எகிப்திய ராணி நெஃபர்டிட்டியின் சிலை இருப்பது நொய்யஸ் மியூசியத்தில். பல அருங்காட்சியகங்களுக்குச் சேர்த்து வாங்கும் பாஸ் வைத்திருந்தாலும் அதற்கு நேரம் குறிக்க வேண்டுமா என்று முன்பே பாருங்கள். தீவில் உள்ள பேராலயத்துக்குக் கட்டணம் தனி. திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

ஆல்ட்டஸ் மியூசியத்துக்கு முன்னால் உள்ள லுஸ்ட்கார்ட்டன் புல்வெளிப் பக்கம், காது கேளாதோருக்காக என்று அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டதும் நன்கொடை கேட்டு விடமாட்டார்கள். அட்டை உங்கள் பையை மறைக்கும் நேரத்தில் இன்னொரு கை உள்ளே போகும். நிற்காமல் நடந்துவிடுங்கள்.

ஏற்கெனவே தவறான டிக்கெட் வாங்கிவிட்டீர்களா? விற்பனைப் பக்கத்தை அந்தப் படத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் விற்றவரிடம் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதிலையும் இணைத்து, கார்டு கொடுத்த வங்கியில் 'டிஸ்பியூட்', அதாவது அந்தக் கட்டணத்தின் மீது ஆட்சேபம், பதிவு செய்யுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.