பிலிமிலேயே பழகியவருக்கு டிஜிட்டல் கெமரா: மலைநாட்டில் எதை எடுப்பது?

பிலிமை விட மனமில்லாமல் இத்தனை வருடம் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் மலையகத்தில் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அலுமாரியில் ஒரு நிகோன் எஃப்எம்2, அல்லது பென்டாக்ஸ் கே1000, அல்லது கெனன் ஏஇ-1 இருக்கும். கூடவே இரண்டு மூன்று லென்ஸ். ரோல் கிடைப்பதே அரிதாகி, கிடைத்த ரோலைக் கழுவுவதற்கும் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தபிறகு, சரி, டிஜிட்டலுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடையில் முதலில் மெகாபிக்சலைத்தான் சொல்வார்கள். அதை ஒதுக்கி வையுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை நல்ல தரத்தில் அச்சடித்தாலே 20 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் வரும். கல்யாண ஆல்பத்துக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் அது தாராளம். மலைநாட்டில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: கையில் இருக்கிற லென்ஸ் இதில் ஏறுமா? மழைக்கும் பனிக்கும் இது தாங்குமா? இந்த இரண்டையும் வைத்து மூன்று கெமராக்களை ஒப்பிடுகிறேன். பழையதாக வாங்கக்கூடிய நிகோன் டி750, அதே நிறுவனத்தின் இசட்-எஃப், ஃபுஜியின் எக்ஸ்-டி5. பழைய கெமரா என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020-ல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு, அப்புறம் 2022-ல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது எல்லாம் சேர்ந்து, புதுக் கெமரா நம்மில் பலருக்கு எட்டாத பொருளாகிவிட்டது.

லென்ஸ் ஏறுமா?

ஒவ்வொரு கம்பெனியும் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் பிலிம் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட தூரம் வைத்திருக்கிறது. நிகோன் எஃப் பூட்டுக்கு அது 46.5 மி.மீ. பென்டாக்ஸ் கே-க்கு 45.46. கெனனின் பழைய எஃப்டி லென்ஸுக்கு 42. ஏஇ-1 வைத்திருப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். கெனன் 1987-ல் கொண்டுவந்த இஎஃப் பூட்டின் தூரம் 44 மி.மீ. அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும், எஃப்டி லென்ஸைக் கெனன் டிஎஸ்எல்ஆரில் (பிலிம் எஸ்எல்ஆர் போலவே உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கெமரா) போட்டால் தூரத்து மலை தெளிவாக விழாது. நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்த அடாப்டர் வேண்டும். அந்தக் கண்ணாடி படத்தின் தரத்தைக் குறைக்கும். எஃப்டி வைத்திருப்பவர் கெனன் டிஎஸ்எல்ஆர் பக்கம் போகவே தேவையில்லை.

மிரர்லெஸ் கெமராக்களில் இந்தச் சிக்கல் கிடையாது. இசட்-எஃப், எக்ஸ்-டி5 இரண்டும் இந்த வகை. உள்ளே அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாததால் தூரம் மிகக் குறைவு: நிகோன் இசட் 16 மி.மீ., ஃபுஜி எக்ஸ் 17.7, சோனி இ 18. மீதி இடத்தை நிரப்ப ஒரு வெறும் குழாய் போன்ற அடாப்டர் போதும். ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸும் ஏறிவிடும்.

ஆனால் ஏறுவது வேறு, பழைய மாதிரிப் பார்ப்பது வேறு. பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தை வாங்கும் சென்சர், ஃபுஜியில் பிலிம் சட்டத்தைவிடச் சின்னது. 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 மாதிரி நடந்துகொள்ளும், 28 மி.மீ. 42 ஆகிவிடும். 10-க்கு 12 அடி லயத்துக் காம்பிராவுக்குள் ஒரு குடும்பத்தை ஒரே படத்தில் அடக்க 28 வேண்டும். 42-ல் எடுத்தால் முதுகு சுவரில் முட்டிய பிறகும் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். அப்புத்தளையில் லிப்டன் சீட்டில் நின்று பள்ளத்தாக்கை எடுக்கும்போதும் இதே கதைதான். அதனால் ஐந்தாறு நல்ல லென்ஸ் வைத்திருப்பவர் ஃபுல் ஃப்ரேம், அதாவது பிலிம் சட்டத்தின் அளவிலேயே சென்சர் உள்ள கெமராதான் எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

டி750 2014-ல் வந்த டிஎஸ்எல்ஆர். ஃபுல் ஃப்ரேம், 24 மெகாபிக்சல். 1977-ல் இருந்து வந்த ஏஐ வகை (அபெர்ச்சர் அளவைக் கெமராவுக்குத் தெரிவிக்கும் வளையம் உள்ள) நிகோன் லென்ஸ்கள் அடாப்டர் இல்லாமல் நேரே ஏறும், மீட்டரும் வேலை செய்யும். மெனுவில் லென்ஸின் மி.மீ. அளவையும் அபெர்ச்சரையும் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். 1977-க்கு முந்திய, மாற்றியமைக்காத லென்ஸை மட்டும் இதில் போடவே கூடாது, பூட்டருகே இருக்கும் சின்ன நெம்புகோல் உடைந்துவிடும். அப்படிப்பட்ட லென்ஸ் இருந்தால் 2013-ல் வந்த நிகோன் டிஎஃப் பார்க்கலாம், அதில் அந்த நெம்புகோலை மடக்கிவிட முடியும். விலை குறைவு என்று டி3000, டி5000 வரிசையை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் ஏஐ லென்ஸுக்கு மீட்டர் வேலை செய்யாது. டி7500-இலும் அப்படித்தான்.

டி750-இன் குறை ஃபோகஸ். எஃப்எம்2-இன் வியூஃபைண்டரில் நடுவே ஒரு வட்டம் இரண்டாகப் பிளந்திருக்கும், முகத்தின் கோடு இரண்டும் ஒன்றாகச் சேரும்போது நிறுத்துவோம். டிஎஸ்எல்ஆரில் அந்தப் பிளந்த வட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும், அதை நம்ப வேண்டும். பகலில் எஃப் 8-ல் எடுத்தால் பிரச்சினையில்லை. மாலையில் எஃப் 1.8-ல் ஒருவர் கண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் புள்ளி போதாது, அதுவும் வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு.

இசட்-எஃப் இங்கே வெகுதூரம் முன்னால் நிற்கிறது. 2023-ல் வந்தது, 24.5 மெகாபிக்சல். ஒரு பட்டனை அமுக்கினால் வியூஃபைண்டரில் படம் பெரிதாகும், இமை மயிரைப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். சென்சரே ஆடி நடுக்கத்தைச் சமாளிப்பதால், 135 மி.மீ. லென்ஸை 1/30 விநாடியில் கையில் பிடித்தே எடுக்க முடிகிறது. பிலிமில் அந்த லென்ஸுக்கு 1/125-க்குக் கீழே இறங்க யோசிப்போம். பழைய லென்ஸின் மி.மீ. அளவை மெனுவில் சொன்னால் அதற்கேற்ப நடுக்கத்தைச் சரிசெய்யும். மேலே ஷட்டர், ஐஎஸ்ஓ, காம்பன்சேஷன் (மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) என்று தனித்தனி டயல். எஃப்எம்2 பழகிய கை மெனுவைத் தேடாது.

பென்டாக்ஸ்காரர்களுக்குக் கே-1 மார்க் 2 இருக்கிறது. 2018-ல் வந்தது, 36 மெகாபிக்சல், பழைய கே லென்ஸ் எல்லாம் ஏறும், பாடி மழைக்கு நல்ல காப்புள்ளது. ஆனால் பெட்டரியோடு ஒரு கிலோ. மினோல்டா, யாஷிகா, எஃப்டி வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த செலவு வழி பழைய சோனி ஏ7 III. டயல் சுகம் அதில் கிடையாது.

பனியில் வெளிச்சம்

எந்தக் கெமரா வாங்கினாலும் பிலிம்காரர் மாற்றிக்கொள்ள வேண்டியது எக்ஸ்போஷர் பழக்கத்தைத்தான். நெகட்டிவ் பிலிம் மன்னிக்கும். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) கூடிப்போனாலும் ஸ்டூடியோவில் பிரின்ட் போடும்போது சரிக்கட்டிவிடுவார்கள். அதனால் நிழலைப் பார்த்து அளந்து பழகினோம். டிஜிட்டல் அப்படியே தலைகீழ்: இருட்டிலிருந்து நிறைய மீட்கலாம், வெந்துபோன வெள்ளையிலிருந்து எதையும் மீட்க முடியாது. ஸ்லைட் பிலிம் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல.

தலவாக்கலைப் பக்கம் காலை எட்டு மணிக்குப் பனி இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். கொழுந்து எடுக்கும் பெண், இடுப்பில் வெள்ளைப் படங்கு, பின்னால் முழுக்கப் பனி. மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். படத்தில் பனி அழுக்காகவும் அவர் முகம் கரியாகவும் விழும். ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். ஆனால் இரண்டு கூட்டினால் படங்கின் மடிப்புகள் காணாமல் போய்விடும். பிலிம் காலத்தில் இதை ஸ்டூடியோக்காரர் நமக்குத் தெரியாமலே திருத்திக் கொடுத்தார். இப்போது நாமே செய்ய வேண்டும். இசட்-எஃப், எக்ஸ்-டி5 இரண்டிலும் காம்பன்சேஷன் டயலைத் திருப்பும்போதே வியூஃபைண்டரில் பனி வெளுப்பது தெரியும். டி750-இன் வியூஃபைண்டரில் அது தெரியாது, திரையில்தான் தெரியும். அதில் வெளிச்சமான பகுதியைப் பாதுகாக்கும் ஒரு மீட்டர் முறை உண்டு, பழைய ஏஐ லென்ஸில் அது வேலை செய்யாது, புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ் போட்டால் படங்குக்கு உதவும், முகம் அப்புறம் கணினியில்தான் வெளிச்சமாகும்.

வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் காலை வெயிலின் மஞ்சளைக் கெமரா துடைத்துவிடும். பகல் வெளிச்சத்தில், அதாவது 5500 கெல்வின் அருகே, நிறுத்திவிடுங்கள். பகல் பிலிமும் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டது, நிறம் பழகியதாகவே வரும்.

இரவில் டிஜிட்டலின் பலம் முழுதாகத் தெரியும். மாசியில் தோட்டத்தில் விடிய விடிய நடக்கும், மன்மதன் ரதி கதை சொல்லும் காமன் கூத்தை 400 ஐஎஸ்ஓ ரோலில் எடுத்தவர்களுக்கு ஃபிளாஷ் இல்லாமல் கிடைத்தது என்னவென்று தெரியும்: மங்கிய முகமும் அசைந்த கையும். டி750-இலும் இசட்-எஃப்-இலும் 6400 ஐஎஸ்ஓ வைத்து, ஃபிளாஷே போடாமல், ரதியின் முகத்தில் பூசிய அரிதாரம் வரை எடுக்கலாம். எக்ஸ்-டி5 சின்னச் சென்சர் என்பதால் சுமார் ஒரு ஸ்டாப் பின்தங்கும், ஆனாலும் பிலிமோடு ஒப்பிடவே முடியாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைத் தேர் ஊர்வலத்தில் போட வேண்டாம், எல்ஈடி விளக்குகளுக்கு அடியில் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். ஆனால் பூசை நேரத்திலோ, மலையில் வேலை செய்பவர் அருகிலோ அந்தச் சத்தமின்மை பெரிய உதவி. சுற்றுலாப் பயணிகளின் கெமராவால் களைத்துப்போனவர்கள் நம் பெண்கள். கேட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், முடிந்தால் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிலிம் காலத்தில் பிரின்ட் தானாக வந்தது, இப்போது நாம் மெனக்கெட்டால்தான் வரும்.

மழை

எக்ஸ்-டி5 மற்ற இரண்டையும் பின்னுக்குத் தள்ளுவது எடையிலும் மழையிலும்தான். 557 கிராம்தான். டி750 840, இசட்-எஃப் 710. சிவனொளிபாதமலை ஏறும்போது, நல்லதண்ணியிலிருந்து பாதிவழியில் அந்த வித்தியாசம் தோளில் தெரியும். பாடிக்கு மழைக்காப்பு உண்டு. ஆனால் பாடிக்கு மட்டும் இருந்து பயனில்லை, லென்ஸின் பூட்டிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஃபுஜியின் 23, 35, 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ்களில் அது இருக்கிறது. பலரும் சேர்த்து வாங்கும் 18-55 லென்ஸில் கிடையாது, கவனம். 35 எஃப் 2 வெறும் 170 கிராம். பிலிமின் 50 மி.மீ. பார்வைக்கு அது கிட்டத்தட்டச் சமம். அபெர்ச்சர் வளையமும் லென்ஸிலேயே இருக்கிறது.

இசட்-எஃப்-இன் பாடியும் காப்புள்ளதுதான். ஆனால் அதில் பழைய லென்ஸைக் குழாய் அடாப்டரோடு போட்ட கணமே மழைக்கு வழி திறந்துவிடுகிறோம். டி750-இல் போடும் ஏஐ லென்ஸிலும் ரப்பர் வளையம் இல்லை. பழைய லென்ஸ் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கும் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அதை வெளியே எடுக்க முடியாது.

ஃபுஜியின் இன்னொரு அனுகூலம் பிலிம் நிறங்கள் உள்ளேயே இருப்பது. வெல்வியா தேயிலைப் பச்சையைக் கண்ணைக் குத்துமளவுக்கு ஏற்றிவிடும், எனக்குப் பிடிக்காது. பனிக்குப் ப்ரோவியா, கறுப்பு வெள்ளைக்கு ஆக்ரோஸ். கணினி முன் உட்கார நேரமில்லாதவருக்கு இது போதும். 40 மெகாபிக்சல் ஃபைல்கள் பழைய மடிக்கணினியைத் திணறடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டரியில் டி750 ராஜா: ஒரு சார்ஜில் 1,230 படம் என்று கணக்கு. எக்ஸ்-டி5 580, இசட்-எஃப் சுமார் 360. கூத்து எடுக்கப் போகும் இசட்-எஃப்காரர் சட்டைப்பையில் இன்னும் இரண்டு பெட்டரி வைத்திருக்க வேண்டும், நுவரெலியாக் குளிரில் அது இன்னும் சீக்கிரம் இறங்கும்.

என் தேர்வு இது. நிகோன் லென்ஸ் நிறைய இருந்து, கையில் பணமும் இருந்தால் இசட்-எஃப். பணம் குறைவு, வேலை பெரும்பாலும் கல்யாணம், சடங்கு, பகல் வெளிச்சம் என்றால் டி750. ஒன்றிரண்டு சாதாரண லென்ஸ்தான் இருக்கிறது என்றால் அவற்றைப் பிடித்துக்கொண்டு தடுமாறாமல், எக்ஸ்-டி5-ஐ ஒரே ஒரு 35 எஃப் 2-வோடு வாங்குங்கள். மழைக்காலம் முழுக்கப் படம் எடுக்க நினைப்பவருக்கும் இதுதான்.

பழையதாக வாங்கும்போது லென்ஸின் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சணம், நம் ஈரத்தில் அது வளரும். வாங்கியதை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். குளிரிலிருந்து கொழும்புக்கு இறங்கினால் கெமரா சூடாகும்வரை பையைத் திறக்கக்கூடாது, கண்ணாடியில் தண்ணீர் கோத்துவிடும். சென்சரைச் சோதிக்க எஃப் 16-ல் வெள்ளை வானத்தை எடுத்துப் பெரிதாக்குங்கள், அழுக்கு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். டி750 என்றால் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள், அது 1,50,000-க்குச் சோதிக்கப்பட்டது. ஆரம்பகாலத்தில் வந்த சிலவற்றின் ஷட்டர் குறைபாட்டை நிகோனே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது, அதனால் சீரியல் இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனையையும் பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.