புதுச்சேரிக்கு இசையரங்கம்: வியன்னா மாதிரியா, பெர்லின் மாதிரியா?

புதுச்சேரியில் கச்சேரி என்றால் காந்தி திடல், இல்லையென்றால் கம்பன் கலையரங்கம். இசைக்கென்றே ஒன்று கட்டினால் எதைப் பார்த்துக் கட்டலாம்?

வியன்னாவின் முசிக்வெரைன் இசையரங்கம் 1870-இல் திறந்தது, தியோபில் ஹான்சன் வடிவமைத்தது. நீளச் செவ்வகம், உயரமான கூரை, நெருக்கமான பக்கச் சுவர்கள். அதனால் வயலின் ஒலி மேடையிலிருந்து நேராக வந்த கையோடு சுவரில் பட்டும் காதுக்கு வந்துவிடுகிறது, சுவரோரம் வரிசையாக நிற்கும் பொன்னிறப் பெண் சிலைகள்கூட சும்மா அழகுக்கு இல்லை, ஒலியைச் சிதறடித்து எல்லாப் பக்கமும் பரப்புகின்றன.

பெர்லின் பில்ஹார்மனி வேறு ரகம். 1963-இல் திறந்த அந்த அரங்கில் ஹான்ஸ் ஷரூன் மேடையை நடுப்பக்கம் கொண்டுவந்து, சுற்றிலும் திராட்சைத் தோட்டப் படிகள் போல இருக்கைகளை அடுக்கினார். இசைக்குழுவை நடத்துபவரின் முகத்தைப் பார்த்தபடியே கேட்கலாம், சரி, ஆனால் பாடுபவருக்குப் பின்னால் சீட்டு கிடைத்தால் குரல் மங்கிவிடும்.

நம் வித்வான்கள் ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறார்கள். அதனால் என் ஓட்டு வியன்னாவுக்கு. என்ன, அங்கே ஒலி அடங்க ஏறக்குறைய 2 விநாடி ஆகும், மிருதங்கத்தில் வேகமான சொற்கட்டு வந்தால் எல்லாம் குழம்பிவிடும். அரங்கைச் சிறிதாக்கி, சுவரில் இழுத்துவிடுகிற மாதிரி கனத்த திரைகள் போட்டுக்கொள்ளலாம்.