180 ரூபாய்க் கைப்பிடிக்கு 4,850 ரூபாய்: செயலி மூலம் பிளம்பரை அழைப்பவர்கள் படித்துவிடுங்கள்

இன்று மாலை என் புகாரை ‘தீர்வு காணப்பட்டது’ என்று எழுதி மூடிவிட்டார்கள். எதையும் தீர்க்கவில்லை. பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போகிறது, விடு’ என்று விட்டுவிடுவோம். அப்படி நாம் விட்டுவிடுவதை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது குரோம்பேட்டைப் பக்கம். இருபது வருடப் பழைய அடுக்ககம். ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க் பீங்கான். முன்பக்கம் இடது ஓரத்தில் அழுத்தும் கைப்பிடி. போன வாரம் அந்தக் கைப்பிடி உள்பக்கத் தண்டோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. உடைந்தது அது ஒன்றுதான். டேங்கில் தண்ணீர் நிறைந்தது, நின்றது, எங்கும் கசிவில்லை. என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். வாளியைத் தூக்கி ஊற்ற அவரால் முடியாது. அதனால்தான் கடைக்கு அலையாமல், வீட்டுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் சனிக்கிழமை காலையிலேயே பதிவு செய்தேன். வருகைக் கட்டணம் 199 ரூபாய். பெயரைச் சொல்லவில்லை. விளம்பரம் எல்லா இடத்திலும் வருகிறது, உங்கள் கைப்பேசியிலும் இருக்கக்கூடும்.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டார். அம்மாவைப் பார்த்து, “கால் வலியா அம்மா? எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான். நீங்கள் உட்காருங்கள், அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்” என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தார். அந்த நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். தன் தாயைப் பற்றிப் பேசுகிற ஒருவரிடம் ‘பில் எங்கே’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், இந்த மாடலுக்கு ஹேண்டில் தனியாக வராது. உள்ளே இருக்கும் முழு செட்டையும் மாற்ற வேண்டும். வண்டியில் வைத்திருக்கிறேன்” என்றார். செட் 3,200, கூலி 1,400, சிலிக்கான் 250. மொத்தம் 4,850 ரூபாய். கொஞ்சம் தயங்கினேன். “செயலியில் போட்டால் வரி, கமிஷன் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்தைத் தாண்டிவிடும் சார். உங்களுக்காகச் சொல்கிறேன். என் எண்ணுக்கே அனுப்பிவிடுங்கள். ஒரு வருடத்துக்கு நான் பொறுப்பு” என்றார். அனுப்பினேன். 4,850 ரூபாயை, ரசீது இல்லாமல், அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் வேலை செய்தார். நடுவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று கேட்டதற்கு, “பழைய நட்டு சார், துரு” என்றார். வெளியே வந்தபோது புதுக் கைப்பிடி பளபளத்தது. அழுத்திக் காட்டினார், தண்ணீர் இறங்கியது. பழைய உதிரிகளை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய்விட்டார். குப்பையை அவரே எடுத்துப் போகிறாரே என்று நன்றி வேறு சொன்னேன்.

திங்கட்கிழமை இரவு இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டார். குளியலறைத் தரை முழுக்கத் தண்ணீர். கால் வழுக்கி, வாஷ் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கை அந்தப் பேசினை எட்டாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. டேங்கின் முன்பக்கம், கைப்பிடி இருக்கும் துளையிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் அந்த விரிசலின் மேல் சிலிக்கான் பூசியிருக்கிறது. பாதி உரிந்து தொங்குகிறது. அதன் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்க, மிதவை இறங்க, குழாய் மறுபடி திறக்க, இரவு முழுக்க ஓடியிருக்கிறது.

மறுநாள் காலை தெருமுனையில் இருக்கும் ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் படங்களைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சொல்லிவிட்டார். “தம்பி, கைப்பிடியை உள்பக்கம் பிடித்திருக்கும் இந்த நட்டுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும். மற்ற நட்டுபோல நினைத்து இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இறுகும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பீங்கான் தாங்குமா?” கைப்பிடியை அழுத்த அழுத்த நட்டு தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே மரையை அப்படி வைக்கிறார்களாம். அந்த ‘டொக்’ என்ன சத்தம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் டேங்கை உடைத்துவிட்டு, உடைத்ததை மறைக்கப் பூசிய சிலிக்கானுக்கும் என்னிடமே 250 ரூபாய் வாங்கியிருக்கிறார். பூசியதையாவது ஒழுங்காகச் செய்தாரா? ஈரத்தின் மேல் சிலிக்கான் பிடிக்காது, பூசிய பிறகு ஒரு நாளாவது காய வேண்டும். இவர் பூசிய கையோடு தண்ணீரைத் திறந்துவிட்டார்.

இன்னொன்றையும் அண்ணாச்சி காட்டினார். முழு செட்டையும் மாற்றுவதென்றால், டேங்கின் அடியில் இருக்கும் வால்வையும் மாற்ற வேண்டும். அதற்கு டேங்கையே கீழே இருக்கும் டாய்லெட் பேசினிலிருந்து கழற்ற வேண்டும். என் டேங்கின் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளிலும் பழைய துரு அப்படியே படிந்திருக்கிறது, யாரும் தொட்ட தடமே இல்லை. அடி வால்வில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புதிதாக வந்தவை கைப்பிடியும் மிதவைக் குழாயும் மட்டும். ‘தனியாக வராது’ என்று சொன்ன அதே கைப்பிடி அண்ணாச்சி கடையில் அட்டையில் தொங்குகிறது: பிளாஸ்டிக் 180 ரூபாய், பித்தளை 350. நான் கொடுத்தது 4,850.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. அந்த ஆளை அழைத்தேன். முதல் முறை எடுத்து, “வேறு வேலையில் இருக்கிறேன் சார், சாயங்காலம் வருகிறேன்” என்றார். சாயங்காலம் மணி அடித்து ஓய்ந்தது. மறுநாள் முதல் என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. மனைவியின் எண்ணிலிருந்து அழைத்தோம். என் குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டார்.

செயலியின் அரட்டைப் பெட்டியில் எழுதினால், “உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது” என்று ஓர் இயந்திரம் பதில் சொல்கிறது. மூன்று நாளில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லி, அதே படங்களை மறுபடி அனுப்பினேன். ஒருவர், வந்தவர் தங்கள் ஊழியர் இல்லை, ‘சேவைக் கூட்டாளி’ என்றார். அடுத்தவர், உத்தரவாதம் செயலி வழியாகச் செலுத்திய தொகைக்கு மட்டுமே பொருந்தும் என்றார். அதாவது 199 ரூபாய்க்கு. 4,850 ரூபாய்க்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லையாம். அவரை என் வீட்டுக்கு அனுப்பியது யார்? ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை அடையாளமும், ஐந்துக்கு 4.8 நட்சத்திரமும் போட்டு அவர் படத்தைக் காட்டியது யார்? இதற்குப் பதில் வரவில்லை. மூன்றாமவர், அடுத்த பதிவுக்கு 100 ரூபாய் தள்ளுபடிச் சீட்டு ஒன்றை அனுப்பிவிட்டுப் புகாரை மூடினார். அம்மா வழுக்கிய தரைக்கு, உடைந்த டேங்குக்கு, 4,850 ரூபாய்க்கு, 100 ரூபாய்த் தள்ளுபடி.

இப்போது டேங்குக்கு வரும் தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறேன். அலுவலகம் கிளம்பும் முன் இரண்டு வாளி நிரப்பி வைத்துவிட்டுப் போகிறேன். அதிலிருந்து சின்னக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறார் அம்மா. அந்த மாடல் டேங்க் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று அண்ணாச்சி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கைப்பிடியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முறிந்த கைப்பிடியைத் தூக்கி எறியாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். டேங்கின் படத்தையும் காட்டுங்கள். துளை முன்பக்கமா, பக்கவாட்டிலா, மூலையிலா என்பதைப் பொறுத்து உள்ளே போகும் தண்டின் வளைவு மாறும். தண்டு நீளமாக இருந்தால் மூடியிலோ மிதவையிலோ இடிக்கும். நட்டை வலப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள், இடப்பக்கம் திருப்பி மாட்டுங்கள். கையால் இறுக்கினால் போதும், பீங்கானில் ஸ்பேனரைப் போட்டு முறுக்கவே முறுக்காதீர்கள். கழலாமல் துருப்பிடித்திருந்தால் நட்டை ரம்பத்தால் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கதவைச் சாத்த விடாதீர்கள். கழற்றிய பழைய பொருள் உங்களுடையது, கொடுக்காதீர்கள். செயலியில் அழைத்தால் செயலியிலேயே பணம் கட்டுங்கள். ‘என் எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்ற பேச்சு வந்தாலே வேலையை நிறுத்திவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 4,850 ரூபாய் அனுப்பியதற்கான வங்கிப் பதிவு, விரிசலின் படங்கள், அந்த மூன்று பேரும் எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் இன்று அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டுவிட்டேன்.