போர்ச் செய்தியும் பொய்த்தகவலும்: கிளிநொச்சியிலிருந்து படித்த ஒரு பட்டப்பின் டிப்ளோமா

போர்க்கால அறிக்கையிடலையும் பொய்த்தகவலை எதிர்கொள்ளும் முறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் ஓராண்டு டிப்ளோமாவை, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி வகுப்புகளில், கிளிநொச்சியில் இருந்தபடியே அண்மையில் நிறைவுசெய்தேன். இங்குள்ள இளம் ஊடகவியலாளர்கள் சிலர் இதற்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

சரிபார்ப்புப் பாடமே இப்படிப்பின் பெரும்பலம். ஒரு படம் இணையத்தில் முதலில் எப்போது தோன்றியது என்று பின்னோக்கித் தேடுவதையும், நிழலின் திசையையும் நீளத்தையும் கொண்டு நேரத்தைக் கணிப்பதையும், செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டு இடத்தை உறுதிசெய்வதையும் கை பழகும்வரை செய்யவைத்தார்கள். கிடைத்த கோப்பை மாற்றமின்றிப் பேணும் முறைக்கு, ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமும் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழக மனித உரிமைகள் மையமும் 2020 இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையைப் பின்பற்றினோம்.

என் முதல் ஒப்படைக்கு, ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் என்ற குறிப்போடு கைப்பேசிகளுக்கு வரும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். அது 2009 இற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு நாட்டில் வெளியானது என்பது அரை மணிநேரத்தில் தெரிந்துவிட்டது. அதை எனக்கு அனுப்பியவர், மாத்தளனில் மகனைப் பறிகொடுத்த என் சின்னம்மா. விடயத்தைச் சொன்னபோது, "அது எங்கட பிள்ளை இல்லையெண்டாலும், எங்கட பிள்ளையளுக்கும் இப்பிடித்தானே நடந்தது?" என்று கேட்டார். தெரியாமல் பகிரப்படும் தவறான தகவலையும் தெரிந்தே பரப்பப்படும் பொய்யையும் வேறுபடுத்தும் பாடம் அவரைக் குற்றஞ்சாட்டாமல் இருக்க எனக்கு உதவியது. ஆனால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கு அந்தப் பாடத்தில் இடமிருக்கவில்லை. பொய்ப்படம் ஒன்று அகப்பட்டால் அதைக் காட்டியே மெய்யான படங்களையும் மறுக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பல நாட்கள் கழித்துத்தான் அவருக்கு விளக்க முடிந்தது.

என் பெரிய குறை வேறொன்று. பொய்த்தகவல் என்றாலே போலிப் படமும் போலிக் கணக்கும்தான் என்பதுபோலப் பாடத்திட்டம் அமைந்திருக்கிறது. வன்னியில் உயிர்களைப் பாதித்த பொய், உத்தியோகபூர்வமாகச் சொல்லப்பட்ட ஓர் எண். 2009 இன் தொடக்கத்தில் போர்ப் பகுதிக்குள் ஏறத்தாழ 70,000 பேரே இருப்பதாக அரசு சொன்னது. இறுதியில் அங்கிருந்து வெளியே வந்தவர்களோ ஏறத்தாழ 290,000 பேர். உணவும் மருந்தும் அந்தச் சிறிய எண்ணுக்கேற்பவே அளக்கப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவுசெய்தது. சுயாதீன ஊடகவியலாளர்கள் அனுமதிக்கப்படாத இடத்தில் இத்தகைய எண்ணைச் சரிபார்க்க எந்தச் செயலியும் உதவாது. கிராம அலுவலரின் பதிவுகளையும் நிவாரணப் பட்டியல்களையும் வைத்தியசாலைக் குறிப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வகுப்புக்கூட ஒதுக்கப்படவில்லை.

இடங்காணும் பயிற்சியும் கடைப்பெயர்ப் பலகைகளும் கோபுரங்களும் நிறைந்த நகரங்களை நம்பியே நடக்கிறது. தரப்பாளும் பனையும் மணலும் மட்டுமே தெரியும் கரையோரப் படத்தை நந்திக்கடலின் கரைவளைவைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருந்தது. ஆயினும் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் 2009 மே 6 ஆம், 10 ஆம் திகதிச் செய்மதிப் படங்களை ஒப்பிட்டு, இடம்பெயர்ந்தோரின் கூடாரங்கள் பெருமளவில் மறைந்துபோனதைக் காட்டிய ஆய்வை முன்மாதிரியாகக் கொண்டு நான் செய்த வேலையை விரிவுரையாளர் வரிவரியாகத் திருத்தித் தந்தார். அந்த அக்கறைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சட்டப் பாடம் சுருக்கமானது. ஊடகவியலாளரைப் போரில் ஈடுபடாத பொதுமக்களாகக் கருதிப் பாதுகாக்கும், ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977 ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறையின் 79 ஆம் உறுப்புரையை நன்றாக விளக்கினார்கள். இலங்கை அந்நெறிமுறையில் இணையவில்லை என்பதை நான் கேட்ட பிறகே பேசினார்கள். உளநலப் பாடம், பிறர் நாட்டுப் போருக்குப் போய்த் திரும்புபவருக்காக எழுதப்பட்டது. தான் பதுங்குகுழியில் இருந்த அதே ஊரில் ஒலிப்பதிவுக் கருவியோடு நிற்பவருக்கு, அதில் இரண்டு பக்கங்கள்கூட இல்லை.

சரிபார்ப்புத் திறனுக்காக விண்ணப்பிக்கலாம். வகுப்புகள் இங்கத்தைய நேரப்படி இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே தொடங்குகின்றன. மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுந்ததால் பதிவுகளையே நம்பியிருந்தேன். ஒப்படைகளுக்கான தலைப்பை நாமே தெரிவுசெய்யலாம் என்பதால், சேருமுன்பே உங்கள் ஊரிலிருந்து சரிபார்க்க வேண்டிய நான்கைந்து படங்களையும் ஆவணங்களையும் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள்.