ஆழ்ந்த பனிக்கு ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர்

பாதையை விட்டு விலகிப் பனிக்குள் வண்டியை இறக்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது டயர்ச் சங்கிலியைப் பற்றி; அடுத்தது வின்ச், அதாவது சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்தெடுக்கும் கருவி. என் கணக்கில் இரண்டுக்கும் முன்னால் நிற்பது காற்று. முழங்காலளவுப் பனியில் வண்டி மேலாக ஊர்ந்து போகுமா, அடிவயிறு தட்டி உட்கார்ந்துவிடுமா என்பதைப் பெரும்பாலும் டயர் அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. 35 பிஎஸ்ஐயில் (டயர் காற்றழுத்தத்தின் அலகு) இருக்கும் டயரை 15க்கு இறக்கினால், அது தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் பெருகி எடை பரவுகிறது. ஐஸ்லாந்தின் பனியாறுகளில் ஓடும் வண்டிகள் 44 அங்குல டயரில் ஒற்றை இலக்க அழுத்தத்தோடு போவது இதனால்தான். சாதாரண ரிம்மில் அந்த அளவுக்குத் துணிய வேண்டாம். வளைத்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இறக்குவதற்கு ஒரு சிறு குச்சி போதும். சாலைக்குத் திரும்பியதும் நான்கு டயரையும் மறுபடி நிரப்பியாக வேண்டுமே, அதற்காக வாங்கியது இந்த இரட்டைச் சிலிண்டர் கம்ப்ரஸர். பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வும் வகை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வகை மலிவுதான், ஆனால் அகன்ற டயரை அது நிரப்பி முடிப்பதற்குள் கால் மரத்துவிடும். பெரிய மோட்டாரை அந்தத் துளையில் செருகினாலோ ஃபியூஸ் போய்விடும்.

மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கடுங்குளிரிலும் முனகாமல் எழுந்து ஓடுகிறது. எரிச்சலூட்டுவது அதோடு வரும் சுருள் குழாய். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய், இழுத்தால் நீள மறுக்கிறது; விட்டால் கம்ப்ரஸரையே பனியில் புரட்டி இழுக்கிறது. ரப்பர் குழாய் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிய பிறகுதான் மனிதர் பயன்படுத்தும் பொருளாக மாறியது. திருகி மாட்டும் பித்தளை முனையும் அப்படித்தான்: தடித்த கையுறையோடு பிடிக்க முடியாது, கையுறையைக் கழற்றினால் உலோகம் சுடுவதுபோல் குளிர்கிறது. நெம்புகோல் வைத்த முனைக்கு மாறிவிடுங்கள்.

வால்வு மூடியைக் கழற்றியதும் வால்வின் வாயை நன்றாகத் துடைத்துவிட்டு முனையை மாட்டுங்கள். உள்ளே விழும் ஒரு துளிப் பனி உருகி, நடு ஊசியின் மேல் மறுபடி உறைந்தால், ஊசி முழுதாக மேலெழும்பாது. குழாயை எடுத்த பிறகும் மெல்லிய சீறல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சீறலோடு கிளம்பினால் டயர் வழியிலேயே தொய்ந்துவிடும்.

அழுத்தமானியை மோட்டார் ஓடும்போது நம்பாதீர்கள், கூடுதலாகவே காட்டும். நிறுத்திவிட்டுப் படியுங்கள். சூடான கொட்டகையில் அளந்து வைத்த அழுத்தமும் வெளியே நிற்காது: வெப்பம் ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறையும்போதெல்லாம் 1 பிஎஸ்ஐ இறங்கும். எனவே போகும் இடத்தில் வைத்தே அளப்பது நல்லது.

இன்னொன்று, நிரப்பும்போது எஞ்சினை ஓடவிட வேண்டும். குளிரில் பேட்டரியின் வலு பெரிதும் குறைந்துவிடுகிறது, கம்ப்ரஸரோ மின்சாரத்தை வாரிக் குடிக்கிறது. ஆனால் எஞ்சினை ஓடவிடும் முன் மண்வெட்டியை எடுத்துப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிடுங்கள். குழாய் வாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகும். அதற்கு வாசனை கிடையாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பு.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வாங்குவதற்கு முன் பேட்டரியிலிருந்து பின்சக்கரத்துக்கு உள்ள தூரத்தை அளந்து, கம்பியும் குழாயும் சேர்ந்து எட்டுமா என்று பாருங்கள். நீளமான வண்டிகளுக்கு இது எட்டாது. கூடுதல் குழாயைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.