"மூணு மாசத்துல பையன் உங்க கையில" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

திருப்பூர், கோவைப் பக்கம் குழந்தை கஸ்டடிக்காக அலையும் அப்பாக்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் யாருக்கும் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏமாற்றப்பட்டது என் தம்பி. அவனோடு கூடவே அலைந்தவள் நான்.

தம்பி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மனைவி பையனோடு தஞ்சாவூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பையன் அங்கேயே பள்ளியிலும் சேர்ந்துவிட்டான். அவர்கள் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேசப்போவதில்லை. பையனைப் பார்க்கவும் முடியவில்லை, போனில் குரல் கேட்கவும் முடியவில்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை.

அந்த நேரத்தில்தான், தந்தையர் உரிமைக்காகவே அலுவலகம் நடத்துவதாகச் சொல்லும் ஓர் ஆலோசகரிடம் போய்ச் சேர்ந்தோம். "அஞ்சு வயசு தாண்டிடுச்சுல்ல சார், சட்டப்படி அப்பாதான் முதல் கார்டியன். மூணு மாசத்துல பையன் உங்க கையில" என்றார். பாதி உண்மை என்பதால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 6ஆம் பிரிவில் தந்தையை இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் ஐந்து முடிந்ததும் பிள்ளை தானாக அப்பாவிடம் வந்துவிடும் என்று எங்கேயும் இல்லை. குழந்தையின் நலனே முதன்மை என்று சொல்லும் 13ஆம் பிரிவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லிவிட்டது. வெற்றிக்கு உத்தரவாதம் தர எந்த வக்கீலாலும் முடியாது.

முன்பணம், அப்புறம் 'இடைக்கால உத்தரவுக்கு' என்று தனியாக ஒரு தொகை, எல்லாம் ஒரு சொந்த போன் நம்பருக்குப் போனது. ரசீது கேட்டால் "ஆர்டர் வந்ததும் மொத்தமா தர்றேன்" என்பார். மனைவிக்கு மனநிலை சரியில்லை என்று மனுவில் எழுதச் சொன்னார். தம்பி மறுத்துவிட்டான். பையனுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தை நிறுத்தினால் அவர்கள் வழிக்கு வருவார்கள் என்றார். அதையும் அவன் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சோறு போடும் காசை நிறுத்தச் சொல்கிற ஆள் தந்தையர் உரிமை பற்றிப் பேசுவது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஒவ்வொரு முறை கேட்டபோதும் "வாய்தா போட்டிருக்காங்க, நீங்க வர வேண்டாம்" என்றே பதில் வந்தது. கடைசியில் தஞ்சாவூரில் தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் போனோம். அவர், நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் தம்பி பெயரைப் போட்டுத் தேடினார். வழக்கே இல்லை. மனுவைத் திருப்பூரில் தாக்கல் செய்திருக்கிறார்கள், அலுவலகம் அதை ரிட்டர்ன் செய்துவிட்டது. 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் இந்த மனுவைப் போட வேண்டும். திரும்பி வந்த மனு வழக்கு நம்பர் ஆகாமல் அந்த ஆலோசகரின் அலமாரியில் கிடக்க, எங்களுக்கு வாய்தா கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வக்கீலே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்து மட்டும் வேறொரு வக்கீலுடையது.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் நாட்கள்தான். கஸ்டடி வழக்கில் நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளை இப்போது எங்கே நிலையாக இருக்கிறது, எந்தப் பள்ளி, யாரோடு ஒட்டுதல் என்பதைத்தான். தாமதமாக ஆக, அப்பா அந்நியராகிக்கொண்டே போகிறார். முழு கஸ்டடி கிடைக்கிறதோ இல்லையோ, அதே கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடைக்கால மனு போட்டு, பிள்ளையைப் பார்க்கும் அனுமதியை உடனே கேட்டிருக்க வேண்டும் என்று புது வக்கீல் சொன்னார். நேரில் பார்ப்பதோடு, போனிலும் வீடியோவிலும் பேசும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு என்று யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. அந்த ஆலோசகர் இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால், மனு போட்டாயிற்று என்று யார் சொன்னாலும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16 இடம் கொண்ட சி.என்.ஆர். நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் அடுத்த வாய்தா தேதியை நீங்களே போனில் பார்த்துக்கொள்ளலாம். நம்பர் இல்லையென்றால் வழக்கு இன்னும் கோப்பில் ஏறவில்லை. வக்காலத்தில் யார் பெயர், அவருடைய பதிவு எண் என்ன என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.

இப்போது தஞ்சாவூரில் மனு நம்பர் ஆகி, மாதம் இரண்டு சனிக்கிழமை நீதிமன்ற வளாகத்தில் பையனைப் பார்க்க இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. தம்பி தவறாமல் பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட் அதற்குப் பெரிதும் உதவியது. வக்கீல் மீது நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், கையெழுத்துப் போட்டவர் மீது பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம். ஆலோசகர் மீது போலீசில் மோசடிப் புகார். எங்கள் வழக்குக் காகிதக் கட்டை முதலில் தர மாட்டோம் என்றார்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு இருக்கிறது என எழுதிக் கேட்ட பிறகு, கல்யாணப் பத்திரிகை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் திரும்பி வந்தன. பணம் இன்னும் வரவில்லை. இதே மாதிரி சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பியவர்கள் அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காமல் வைத்திருங்கள், புகாரோடு சேர்க்க வேண்டியிருக்கும்.