இலவச ஓவியப் போட்டியில் குழந்தையின் உயரத்தை அளந்தால் நம்பாதீர்கள்

ஓவியப் போட்டி என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நுழைவு இலவசம், வரைகிற எல்லாருக்கும் சான்றிதழ். நடத்துவது சத்துமாவு பானம் விற்கும் ஒரு கம்பெனி என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. சான்றிதழ் தரும் மேசைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ‘இலவச வளர்ச்சிப் பரிசோதனை’ மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும், வரிசையை அப்படித்தான் அமைத்திருந்தார்கள்.

அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண். என் ஏழு வயது மகளைச் செருப்போடு நிற்க வைத்து உயரம் அளந்தார், ஒரு வண்ண அட்டையில் புள்ளி வைத்தார். நடுவில் ஒரு கோடு, அதற்கு மேலே பச்சை, கீழே சிவப்பு. புள்ளி சிவப்பில் விழுந்ததும், “பாப்பா, நீ வயசுக்குக் குள்ளமா இருக்கியே, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உன்னைத் தாண்டிடுவாங்களே” என்றார். என்னிடம் இல்லை, அவளிடம். நீங்கள் டாக்டரா என்று கேட்டேன், ‘நியூட்ரிஷன் அட்வைசர்’ என்றார், என்ன படித்திருக்கிறீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள், ஒரு டப்பாவோடுதான் வெளியே வந்தோம்.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தை எங்கள் குழந்தைகள் மருத்துவர் எடுத்துக் காட்டினார். அதில் நடுக்கோடு என்பது ஆரோக்கியமான பிள்ளைகளில் பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் வரும் இடம், அவ்வளவுதான். டாக்டர்கள் யோசிக்கத் தொடங்கும் கோடு அதற்கு வெகு கீழே இருக்கிறது, 100 பிள்ளைகளில் 2 அல்லது 3 பேர்தான் அதற்கும் கீழே வருவார்கள். அப்படி வந்தாலும் ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல மாட்டார்கள், மாதக்கணக்கில் எப்படி வளர்கிறது, அப்பா அம்மா என்ன உயரம் என்றெல்லாம் பார்ப்பார்கள். இந்தக் கம்பெனியோ நடுக்கோட்டுக்குக் கீழே முழுவதற்கும் சிவப்பு அடித்துவிட்டது, அப்படியென்றால் அன்று வரிசையில் நின்ற நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு ‘குறை’ என்று சொல்லியிருப்பார்கள்.

சரி, டப்பாவில் என்ன இருக்கிறது? சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்துவதுதான் நடைமுறை. இதில் இரண்டாவது பெயரே சர்க்கரை.

பெரியவர்களிடம் விற்கட்டும், நாம் பேரம் பேசுவோம், வேண்டாம் என்போம். ஏழு வயதுக் குழந்தைக்கு எதிரில் இருப்பவர் அக்கறையில் பேசுகிறாரா, விற்கப் பேசுகிறாரா என்று எப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியும்? சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த உணவுகளின் விளம்பரம் பள்ளி, விளையாட்டு மைதானம், குழந்தைகள் கிளினிக் போன்ற பிள்ளைகள் கூடும் இடங்களில் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது, அங்கே நடக்கும் விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளிலும் கூடாது என்று 2010இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. ஆனால் ‘ஆரோக்கியம்’ என்று பெயர் வைத்துவிட்டால் எந்த வாசலும் திறந்துவிடுகிறது, அமைப்பாளர்களும் இதை விளம்பரமாகவே பார்ப்பதில்லை.

இப்போது என் மகள் காலையில் எழுந்ததும் சுவரில் சாய்ந்து நின்று பென்சிலால் கோடு போடச் சொல்கிறாள். அதற்கு முன் அவளுக்கு உயரம் என்று ஒரு கவலையே கிடையாது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்புறம் போன். போட்டிப் படிவத்தில் கொடுத்த எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், “பாப்பா இப்ப வளர்ந்திருக்காளா மேடம், அடுத்த டப்பா அனுப்பட்டுமா” என்று.

பிள்ளையை எங்காவது போட்டிக்கு அழைத்துப் போகிறவர்கள் யார் பணம் போட்டு நடத்துகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். பரிசோதனை என்று யாராவது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, சான்றிதழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படிவத்தில் வயதை மட்டும் எழுதுங்கள், ஓவியத்துக்குப் பிறந்த தேதியும் போன் நம்பரும் எதற்கு?